சுழலும் நாடாவில் பிறந்த பாட்டு

ஒலிநாடாவில் ஒரு துண்டை நறுக்கி, அதன் இரு முனைகளையும் சேர்த்து ஒட்டினால் ஒரு வளையம் கிடைக்கும். டேப் ரெக்கார்டரில் அதை ஓடவிட்டால், பதிந்த ஒலி முடிந்த நொடியே மறுபடி தொடங்கும். நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஓடும் கருவியில் 38 செ.மீ. வளையம் இரண்டு நொடி ஒலியைத் திரும்பத் திரும்பத் தரும். கணினிக்கு முந்தைய ‘லூப்’ இதுதான்.

1964இல் சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் ஒரு தெருப் பிரசங்கியார் நோவா காலத்துப் பெருவெள்ளத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் அதைப் பதிவுசெய்தார். மறு ஆண்டு, மழை வரப்போவதாகப் பிரசங்கியார் எச்சரிக்கும் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்து, ஒரே மாதிரி இரண்டு வளையங்கள் செய்து, இரண்டு கருவிகளில் சேர்ந்தாற்போல் ஓடவிட்டார். கருவிகளின் வேகத்தில் இம்மியளவு வித்தியாசம் இருந்தது. ஒன்றாய் ஒலித்த குரல் மெல்ல விலகி, எதிரொலியாகி, இரண்டாகப் பிரிந்தது. பதிவின்போது அருகே ஒரு புறா சிறகடித்துப் பறந்திருக்கிறது. அந்தப் படபடப்பு ஒவ்வொரு சுற்றிலும் வந்து விழுவதால் தாளவாத்தியம் போலவே கேட்கிறது. ‘இட்ஸ் கானா ரெயின்’ இப்படித்தான் உருவானது.

பேச்சு எப்படிப் பாட்டாகிறது?

1995இல் உளவியலாளர் டயானா டாய்ச், தாம் பேசிப் பதிந்ததைச் சரிபார்க்கையில் ஒரு சொற்றொடரைச் சுழலவிட்டார். சற்று நேரத்தில் யாரோ பாடுவதுபோல் இருந்தது. பின்னர் நடத்திய சோதனையில், அதை ஒருமுறை கேட்டவர்கள் பேச்சாகவே திருப்பிச் சொன்னார்கள். பத்து முறை கேட்டவர்கள் பாடிக் காட்டினார்கள். ஒலிப்பதிவில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது கேட்கும் விதம்தான்.

பொருள் ஒருமுறை பிடிபட்டுவிட்டால், கவனம் குரலின் ஏற்ற இறக்கத்துக்கும் நயத்துக்கும் இறங்குகிறது என்கிறார் இசை ஆய்வாளர் எலிசபெத் மார்குலிஸ். இசையமைப்பாளர்கள் லூசியானோ பெரியோ, எலியட் கார்ட்டர் ஆகியோரின் படைப்புகளில் சில துண்டுகள் மீண்டும் வரும்படி அவர் வெட்டி ஒட்டினார். விஷயம் தெரியாமல் கேட்டவர்களுக்கு மூலத்தைவிட அந்த வடிவமே பிடித்திருந்தது.

கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு இது பழகிய சுகம். பல்லவி வரி ஒன்றே. சொற்கள் முதல் தடவையே தெரிந்துவிடுகின்றன. அதனால்தான் அதே வரியை மாற்றிப் பாடும் அடுத்த சங்கதியில் எந்த இடம் வளைகிறது, எங்கே எழும்புகிறது என்று காது துல்லியமாகப் பிடிக்கிறது.

நாடா தற்செயலாகக் காட்டிய விலகலை ரைஷ் பிறகு மனிதக் கைகளுக்குக் கொண்டுவந்தார். 1967இல் எழுதிய ‘பியானோ ஃபேஸ்’ படைப்பின் தொடக்கத்தில் இரு கலைஞர்கள் 12 ஸ்வரத் துணுக்கு ஒன்றைச் சேர்ந்து வாசிப்பார்கள். ஒருவர் வேகம் மாறாமல் நிற்க, மற்றவர் சிறிது சிறிதாக விரைந்து ஒரு ஸ்வரம் முந்துவார். அங்கே நிலைத்து, மறுபடி முந்துவார். துணுக்கின் முழுச்சுற்றையும் இப்படிக் கடந்தபின் இருவரும் ஒன்றுசேர்வார்கள்.