கடலின் குரல் கரைக்குக் கேட்குமா?



'கம்யூனிகேஷன்' என்றதும் நம் எல்லோருக்கும் செல்போன் டவர்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கரையை விட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். போனில் ஒரு கோடுகூட இருக்காது. உலகச் சரக்கு வணிகத்தில் அளவைக் கணக்கிட்டால் 80 சதவீதத்துக்கு மேல் கப்பலில்தான் போகிறது. பெட்ரோலும் எரிவாயுவும் கணிசமாகக் கடலுக்கு அடியிலிருந்துதான் வருகின்றன. அந்தக் கப்பலிலும் எண்ணெய் மேடையிலும் மீன்பிடி விசைப்படகிலும் இருக்கிறவர்கள் நம்மைப் போல மனிதர்கள்தானே? அவர்களோடு கரை எப்படிப் பேசுகிறது? இதை நமக்குத் தெரிந்த பாடத்தை வைத்தே விளக்கலாம் என்று இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலாம் ஆண்டிலேயே நமக்குக் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டுக் காட்டினார்கள்: டிரான்ஸ்மிட்டர், சேனல், ரிசீவர். கடலைப் பற்றிப் படிக்கப் படிக்க, நான்காவதாக ஒரு கட்டமும் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. செய்தியைக் கேட்டு அதன்படி நடக்கிற மனுஷன்தான் அது. இந்த நான்கில் எது அறுந்தாலும் கடலில் உயிர் போகும்.

கேட்க ஆள் இல்லாத ரிசீவர்

1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வயர்லெஸ் சமிக்ஞையைப் பெற்றார். அடுத்த பத்தாண்டுகளில் பெரிய கப்பல்களில் எல்லாம் வயர்லெஸ் கருவி வந்துவிட்டது. 1912 ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. அதன் ஆபரேட்டர்கள் விடாமல் அபாயச் செய்தி அனுப்பினார்கள். சிறிது தூரத்தில்தான் கலிஃபோர்னியன் என்ற கப்பல் நின்றிருந்தது. ஆனால் அதில் இருந்தது ஒரே ஒரு ஆபரேட்டர். பகல் முழுக்க வேலை பார்த்த களைப்பில் அவர் செட்டை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். வெகு தூரத்திலிருந்த கார்பேத்தியாதான் செய்தி கேட்டு ஓடி வந்து 700-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியது. சுமார் 1,500 பேர் இறந்தார்கள்.

டிரான்ஸ்மிட்டர் நன்றாக இருந்தது, சேனலும் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. இதனால்தான் 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கப்பல்களில் 24 மணி நேரமும் வயர்லெஸ் கேட்க ஆள் வேண்டும் என்ற விதியும் அதில் வந்தது.

மனிதக் காதுக்குப் பதில் மெஷின் காது

ஆனால் மனிதன் எத்தனை நாள்தான் தூங்காமல் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பான்? ஆகவே 'உலகளாவிய கடல் அபாய மற்றும் பாதுகாப்பு அமைப்பு' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஆங்கில எழுத்துகளில் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்பார்கள். 1992 பிப்ரவரி 1-இல் தொடங்கி, 1999 பிப்ரவரி 1-இல் முழுமையாக அமலுக்கு வந்தது. அதோடு மோர்ஸ் தந்திக்கு அந்தக் கப்பல்களில் வேலை முடிந்தது. இதில் உள்ள முக்கியமான கருவிகளைப் பார்ப்போம்.

வி.எச்.எஃப். செட்: எங்கள் பக்கத்துப் படகுகளில் இதைத்தான் 'ஒயர்லெஸ்' என்பார்கள். அபாயத்தில் கூப்பிட 16-ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். 70-ஆம் சேனலில் மெஷினும் மெஷினும் பேசிக்கொள்ளும். மூடியைத் திறந்து சிவப்புப் பட்டனை அழுத்தினால் கப்பலின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும், அது நிற்கும் இடமும் தானாகவே போகும். இந்தியக் கப்பல் என்றால் எண் 419-இல் தொடங்கும். யாராவது 'கிடைத்தது' என்று பதில் சொல்லும்வரை செட் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இது எவ்வளவு தூரம் போகும்? நாமே கணக்குப் போடலாம். இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் வரும். படகில் 4 மீட்டர், எதிரே இன்னொரு படகிலும் 4 மீட்டர் என்றால் சுமார் 16 கிலோமீட்டர்தான். கரையில் 100 மீட்டர் டவர் இருந்தால் சுமார் 49 கிலோமீட்டர். அதற்கு மேல் பூமியின் வளைவு குறுக்கே வந்துவிடுகிறது. பவரைக் கூட்டினாலும் பெரிய பிரயோஜனம் இல்லை.

நேவ்டெக்ஸ்: 518 கிலோஹெர்ட்ஸில் வானிலை எச்சரிக்கையை எழுத்தாகவே வாங்கித் தரும் கருவி. யாரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

செயற்கைக்கோள்: 1979-இல் உருவான இன்மார்சாட் அமைப்புதான் இதில் முன்னோடி. பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற கோளுக்குச் செய்தி போய்த் திரும்ப ஏறக்குறைய கால் விநாடி ஆகும். 2020 முதல் தாழ்ந்த பாதையில் சுற்றும் இரிடியம் கோள்களும் இந்த அபாயச் சேவையில் சேர்ந்துள்ளன. கப்பலின் மேல்தளத்தில் வெள்ளைப் பந்து போல ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள்ளே டிஷ் ஆன்டெனா இருக்கிறது. கப்பல் எப்படி ஆடினாலும் மோட்டார்கள் அதைக் கோளின் பக்கமே திருப்பிக்கொண்டிருக்கும்.

எபெர்ப்: கப்பலே மூழ்கினாலும் தானே கழன்று மேலே மிதந்து வந்து, 406 மெகாஹெர்ட்ஸில் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கூப்பிடும் மிதவை. காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்கள் இதைக் கேட்டு மீட்பு மையத்துக்குச் சொல்லும். நம் நாட்டில் பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் மையம் இதை வாங்கிக் கடலோரக் காவல்படைக்குக் கொடுக்கிறது.

எண்ணெய் மேடையில் அறுந்த செய்தி

கருவி இருந்தால் மட்டும் போதுமா? 1988 ஜூலை 6 அன்று ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை வெடித்து எரிந்தது. 167 பேர் இறந்தார்கள். காரணம் என்ன தெரியுமா? பகல் ஷிஃப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றியிருந்தார்கள். அந்தச் சேதி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனதும், கழற்றிய பம்பையே ஓட்டினார்கள். வாயு கசிந்தது, வெடித்தது. கட்டுப்பாட்டு அறை சேதமானது, ரேடியோ அறையையும் விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பக்கத்து மேடைகளோடு சரியான பேச்சுத் தொடர்பு இல்லை. குழாயால் இணைந்திருந்த அந்த மேடைகள் உற்பத்தியை உடனே நிறுத்தவில்லை. 1990-இல் வந்த கல்லன் பிரபு விசாரணை அறிக்கை 106 பரிந்துரைகள் சொன்னது. வேலை அனுமதிச் சீட்டும் ஷிஃப்ட் ஒப்படைப்பும் அதில் முக்கியமானவை. நாளைக்கு நாம் எந்த ஃபாக்டரியில் நின்றாலும் இது நமக்கும் பொருந்தும்.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. 2021 மே மாதம் டவ்தே புயல் வருகிறது என்று சில நாட்களுக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் மும்பைக்கு அப்பால் எண்ணெய் வயல் வேலைக்காக நின்ற பி-305 என்ற தங்குமிடத் தட்டைக்கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பவில்லை. மே 17 அன்று நங்கூரம் அறுந்து, ஒரு மேடையில் மோதி, மூழ்கியது. அதிலிருந்த 261 பேரில் 186 பேரைக் கடற்படையும் மற்றவர்களும் மீட்டார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இங்கே செய்தி வந்தது, கேட்கவும் பட்டது. நான்காவது கட்டம்தான் வேலை செய்யவில்லை.

எங்கள் கரையில்

நான் குமரி மாவட்டக் கடற்கரைப் பையன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தது நான் ஒருவன்தான். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது ஐந்தாம் வகுப்பு. எங்கள் சித்தப்பா போன விசைப்படகு அதற்குப் பல நாள் முன்பே தங்கல் தொழிலுக்குப் போயிருந்தது. அறிவிப்பு வரும்போது அவர்கள் கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தூரத்தில். மேலே போட்ட கணக்கை ஒருமுறை பாருங்கள். 49 கிலோமீட்டர் போகும் அலை அவர்களை எப்படி எட்டும்? படகில் ஒயர்லெஸ் இருந்தது, கரையில் சேதி இருந்தது, நடுவிலே சேனல்தான் இல்லை. சித்தப்பா திரும்பவில்லை. எங்கள் தெருவில் மாதா கோயில் முற்றத்தில் பெண்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு நிலைமை மாறி வருகிறது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் செயற்கைக்கோள் வழியாக வேலை செய்கிறது. படகிலுள்ளவர்கள் செல்போனைப் புளூடூத்தில் இணைத்து, டவரே இல்லாத இடத்திலும் செய்தி அனுப்பலாம், வாங்கலாம். அபாயப் பட்டனும் உண்டு, கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கையும் உண்டு. ஒரு லட்சம் படகுகளில் இதைப் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

எங்கள் அப்பா போகும் படகிலும் இந்தப் பெட்டியைப் பொருத்தினார்கள். அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்குலே? படிச்சவன் நீதானே, சொல்லு" என்றார். நான் சொல்லிக் கொடுத்தேன். கூட நின்ற ஸ்ராங்கு மாமா ஒரு கேள்வி கேட்டார்: "பேட்டரி வயரு உப்புல அரிச்சுப் போனா யாருலே பாப்பா? உன் சாட்டிலைட்டா?" அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஆனால் கேள்வி சரியானது. உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பிடிக்கும். ஆன்டெனா மேல் வலையைக் குவித்தால் சிக்னல் குறையும். வானத்தில் இருக்கும் கோளைவிடப் படகில் இருக்கும் பத்து ரூபாய் டெர்மினல்தான் முதலில் கைவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

இத்துறையில் வேலையும் உண்டு. ஜி.எம்.டி.எஸ்.எஸ். ஆபரேட்டர் சான்றிதழ், கப்பலின் மின்தொழில்நுட்ப அதிகாரி, துறைமுக ரேடியோ பராமரிப்பு என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு 'கப்பல் வேலை' காட்டும் ஏஜென்ட்டுகளிடம் போகாதீர்கள். தகுதி என்ன என்பதைக் கப்பல்துறை இயக்ககத்தின் அறிவிப்பில் நீங்களே படித்துப் பாருங்கள்.

மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் நாம் சமூக சேவை முகாம் நடத்துகிறோம். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் எல்லாம் கரையில்தான் நிற்கும். அப்போது ஒரு வாரம் துறைமுகத்தில் முகாம் போடுவோம். மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு படகிலும் பேட்டரி, வயர், ஆன்டெனா மூன்றையும் சோதிப்போம். எந்தப் பட்டன் எதற்கு என்று தமிழில் எழுதி வீல்ஹவுசில் ஒட்டுவோம். கடலோரக் காவல்படையின் 1554 என்ற இலவச எண்ணையும் பெரிதாக எழுதுவோம். செலவு அதிகம் இல்லை, நம் லேபில் கற்றதற்கு மேல் வித்தையும் தேவையில்லை.

வர விருப்பமுள்ளவர்கள் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முதல் பெயர் என்னுடையது.



— மூன்றாம் ஆண்டு மாணவர்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை