காலும் மிதிவண்டியும்

மாந்தர் இயற்றிய ஊர்திகளுள் மிதிவண்டி மிக எளியது, எரிபொருள் வேண்டாதது, ஏழையரும் வாங்கத் தக்கது. ஊர்பவரின் கால்களே அதனை இயக்கும் பொறிகளாகும். ஆதலின் வண்டி பழுதின்றி இருத்தல் மட்டும் போதாது. ஊர்பவர் உடலுக்குப் பொருந்தியும் இருத்தல் வேண்டும்.

1817ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய கார்ல் டிரைஸ் என்பார் இருசக்கர வண்டியொன்றை அமைத்தார். அதில் மிதிகட்டை இல்லை. ஏறியவர் தம் கால்களால் நிலத்தை உந்திச் சென்றார்; ஒவ்வொரு காலும் தன் நீளத்திற்கேற்ப அடிவைத்தது. 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி அமைத்த வண்டியே, சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றும் இக்கால மிதிவண்டிக்கு முன்மாதிரி ஆயிற்று. இதில் பாதம் தான் விரும்பியவாறு செல்லல் இயலாது. மிதிகட்டை செல்லும் வட்டத்திலேயே சுழலவேண்டும். இருபுறத்து மிதிதண்டுகளும் ஒரே நீளமுடையன. இருக்கையோ ஒன்றே.

வண்டி இருபுறமும் ஒத்திருப்பினும், மனித உடல் அங்ஙனம் முற்றும் ஒத்ததன்று. இரு கால்களுக்கிடையே சில மில்லிமீட்டர் வேறுபாடு இருத்தல் பலர்க்கும் இயல்பே. இவ்வேறுபாடு இருவகைப்படும். எலும்பே நீளத்திற் குறைந்திருத்தல் ஒன்று. எலும்புகள் ஒத்திருந்தும் தசையிறுக்கத்தாலோ இடுப்பின் சாய்வாலோ ஒரு கால் குறுகியதுபோல் தோன்றுதல் மற்றொன்று. முன்னது பிறவியாலும், இளமையில் எலும்பு முறிந்து கூடியதாலும் நேரலாம். பின்னது தக்க பயிற்சியால் திருந்தவும் கூடும்.

நாள்தோறும் 6 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பள்ளிக்கு மிதிவண்டியில் வரும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்க. மிதி ஒருமுறை சுழல, வண்டி ஏறத்தாழ 5 மீட்டர் முன்செல்லும். அவன் போகவும் வரவும் 2,400 முறை ஒவ்வொரு முழங்காலும் மடங்கி நிமிர்கின்றது. ஒருமுறை நேரும் சிறு பிழை தீங்கு செய்யாது. அப்பிழையே நாள்தோறும் ஆயிரக்கணக்கில் அடுக்கி வரின், வலியாக முற்றுகின்றது.

இருக்கை மிகத் தாழ்ந்திருந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். அந்நிலையில் மிதிக்கும்போது முழங்காற்சில்லு தொடையெலும்பின்மேல் அழுந்தும். முழங்காலின் முன்புறம் நோகும். இருக்கை மிக உயர்ந்திருந்தால் கால் எட்டாமல் நீளும். முழங்காலின் பின்புறம் நோகும். இடுப்பும் இருபுறமும் ஆடும். கால்கள் ஒவ்வாதவர்க்கு இவ்விரு குற்றங்களும் ஒரே வண்டியில் நேரக்கூடும். நீண்ட காலுக்கேற்ப இருக்கையை உயர்த்தினால் குறுகிய கால் எட்டாது. குறுகியதற்கேற்பத் தாழ்த்தினால் நீண்டது நெருக்குண்ணும்.

இதனை ஆராய எளிய முறையொன்று உண்டு. ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஏறி அமர்ந்து, மிதிகட்டை மிகத் தாழ்ந்துள்ள நிலையில் குதிகாலை அதன்மேல் வைத்தல் வேண்டும். அப்பொழுது கால் நேராக நீளுமாயின் இருக்கையின் உயரம் ஏற்றதே. பின்னர் முன்பாதத்தால் மிதிக்குங்கால் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கும். இச்சோதனையை இரு கால்களுக்கும் செய்க. ஒரு கால் எளிதில் எட்ட, மற்றது எட்டாதாயின், வேறுபாடு உண்டோ என ஐயுறலாம். ஆயினும் இருக்கையில் சாய்ந்து அமர்ந்தாலும் அவ்வாறு தோன்றும். எனவே மருத்துவரே நாடாவால் அளந்தும், வேண்டின் எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தும் துணிதல் வேண்டும்.

வேறுபாடு உறுதியானால், குறுகிய காலின் காலணிக்குள் தடித்த அட்டை இடலாம்; அல்லது அப்பக்கத்து மிதிகட்டையின்மேல் நழுவாதவாறு கட்டையொன்றைப் பிணைக்கலாம். குறை முழுவதையும் ஒரே நாளில் நிரப்புதல் கூடாது. முதலில் பாதியளவோ அதனினும் குறைவாகவோ உயர்த்தி, சில நாள் ஊர்ந்து பார்த்தல் நன்று. நெடுநாள் பழகிய உடல் திடீர் மாற்றத்தை ஏலாது. முழங்கால் வலி யாவும் கால் வேறுபாட்டால் வருவன அல்ல என்பதும் அறியத்தக்கது. பலர்க்கு இருக்கையைச் சிறிது உயர்த்துதலே போதிய மருந்தாகும். வீக்கமோ ஓய்விலும் தணியாத வலியோ இருப்பின் மருத்துவரை நாடுதலே கடன்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாணவர்க்கு விலையின்றி மிதிவண்டி வழங்கப்படுகின்றது. தொலைவிலுள்ள சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அதுவே பள்ளிக்கு வழியாகின்றது. பிறர் நகைப்பரோ என நாணித் தன் நோவை ஒரு பிள்ளை மறைக்குமாயின், முதலில் வண்டியை விடும். பின்னர்ப் பள்ளிக்கு வருவதையும் விடக்கூடும். கால்கள் ஒத்திராமை குற்றமன்று; அதனை மறைத்து நோவுறுதலே தவறு. செருப்புச் சேரவில்லையென்று காலை வெட்டுவார் யாருமிலர். அதுபோல, உடலை வண்டிக்கு ஒப்பித்து வருந்தாமல், வண்டியை உடலுக்கு ஒப்பித்தலே அறிவுடைமையாகும்.