மழைக்காலத்தில் காரில் ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறதா? பதற வேண்டாம், அசட்டையும் வேண்டாம்!

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஏழாயிரம்பண்ணை வட்டாரம் கரிசல் பூமி. நல்ல மழை பெய்தால் சேறு சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். இந்த நாட்களில் கார் டேஷ்போர்டில் 'ஏ.பி.எஸ்.' என்ற மஞ்சள் விளக்கு எரிந்தால், "பிரேக்கே போயிடுச்சோ?" என்று சிலர் பதறுவார்கள். "வண்டி நிக்குதுல்ல, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சிலர் விட்டுவிடுவார்கள். இரண்டுமே சரியல்ல.

விளக்கு சொல்வது என்ன?

ஈரச் சாலையில் திடீரென பிரேக் பிடித்தால் சக்கரம் சுழலாமல் நின்று, வண்டி வழுக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. இதைத் தடுப்பதுதான் ஏ.பி.எஸ். நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் இது கட்டாயம். சக்கரங்களின் வேகத்தை சென்சார்கள் கவனிக்கும். வழுக்கப்போகும் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்கும்.

• சாவி போட்டதும் எரிந்து, சில நொடியில் அணைந்தால்: வண்டியின் சுயசோதனை. கவலை வேண்டாம்.
• மஞ்சள் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தால்: சாதாரண பிரேக் பிடிக்கும், வழுக்கலைத் தடுக்கும் பாதுகாப்பு இருக்காது.
• சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால்: ஓரமாக நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் அளவு சரியா என்று பாருங்கள். அதன் பிறகும் எரிந்தால் வண்டியை ஓட்டவே கூடாது.

மழையில் ஏன் எரிகிறது?

சென்சார் இருப்பது சக்கரத்தின் அருகில். சேறு படிவது, இணைப்பில் தண்ணீர் இறங்குவது, ஒயர் அறுபடுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். பேட்டரி பலவீனம், ஃபியூஸ் போவது, வேறு அளவு டயர் மாட்டுவது, சக்கர பேரிங் தேய்வது ஆகியவற்றாலும் எரியலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. வண்டியை நிறுத்திய பிறகு, எரியும் விளக்குகளை செல்போனில் படம் எடுங்கள். மெக்கானிக்கிடம் காட்ட உதவும்.
2. இன்ஜினை அணைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்து பாருங்கள்.
3. சக்கரத்தில் ஒட்டிய சேற்றைச் சாதாரண குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். சென்சார் மீது பிரஷர் வாட்டர் அடிக்காதீர்கள்.
4. நான்கு டயரிலும் காற்று சரிபாருங்கள்.
5. அப்படியும் அணையவில்லையா? ஏ.பி.எஸ். கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். மலிவான சில ஸ்கேனர்கள் இன்ஜின் கோளாறை மட்டுமே காட்டும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்யாமல் பாகங்களை மாற்றச் சம்மதிக்காதீர்கள். ஒயரைச் சரிசெய்தாலே போதும் என்றும் இருக்கலாம்.

அதுவரை வேகத்தைக் குறைத்து, முன் வண்டிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள். சக்கரம் வழுக்கினால் பிரேக்கைச் சற்று விட்டு, மறுபடி மெதுவாக மிதியுங்கள். பட்டாசு ஆலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் என்றால், பழுதைச் சரிசெய்த பிறகே ஆள் ஏற்றுங்கள். பின்னால் இருப்பவர்களுக்கு இந்த விளக்கு தெரியாது.

குறித்துக்கொள்ளுங்கள்

சாத்தூர், கோவில்பட்டி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால்: 1033
அவசர உதவி: 112
ஆம்புலன்ஸ்: 108
வாரண்டி இருந்தும் பழுது நீக்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915