கேட்கும் வீடு – 9: கடைக்குப் போகுமுன் சோபாவை நகர்த்துங்கள்

சென்ற வாரம் ஆம்ப்ளிஃபையரின் வாட் கணக்கைப் பார்த்தோம். 50 வாட் ஆம்ப்பைக் கொடுத்துவிட்டு 100 வாட் ஆம்ப் வாங்கினால் கூடுவது 3 டெசிபல்தான். ஒலி இருமடங்கானதாகக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு சக்தி தேவை. அப்படியானால் வீட்டு ஒலியைச் சீராக்க நினைப்பவர் எங்கே தொடங்குவது? சிங்கப்பூரில் கடைகளுக்குக் குறைவில்லை. கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடம் ஹை-ஃபை ஆர்வலர்களுக்கு நன்கு பழகிய இடம். மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போன சிம் லிம் ஸ்குவேரோ தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. வாங்கி, கேட்டு, மாற்றி, மறுபடி வாங்கிக் கற்றுக்கொள்வது இங்கே பலருடைய வழி. அந்த வழியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் திரும்பத் திரும்ப மாற்றுவது பெட்டிகளை மட்டுமே. அந்தப் பெட்டிகள் பாடும் அறை அப்படியே இருக்கிறது. நம் காதுக்கு வரும் ஒலியில் பெரும்பகுதியை அந்த அறைதான் முடிவு செய்கிறது. முதல் வெள்ளியைச் செலவழிக்கும் முன்பே அறையைச் சோதிக்க வேண்டும் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வருவது.

இதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட சான்று உண்டு. 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் பேசுபவர் சொல்வது எவருக்கும் விளங்கவில்லை. சொன்ன சொல் ஐந்தரை வினாடி அடங்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி மறையும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக்கூட அந்த நேரம் குறைந்தது. எல்லாவற்றையும் பரப்பியபோது ஒரு வினாடியை ஒட்டி வந்து நின்றது. பேசுபவரின் தொண்டை மாறவில்லை, கூடத்தின் சுவர்களும் மாறவில்லை. மாறியது மெத்தைகளின் எண்ணிக்கை மட்டும். கட்டட ஒலியியல் என்ற துறையே அந்த இரவுகளில் பிறந்தது. நம் எஸ்பிளனேட் இசையரங்கு 2002-ல் திறக்கப்பட்டபோது, நிகழ்ச்சிக்கேற்ப ஏற்றி இறக்கும் மேல்விதானத்தோடும் ஒலியை உறிஞ்சும் திரைகளோடும் அமைந்ததற்கும் காரணம் இதே அறிவுதான்.

இப்போது நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் ஹாலுக்கு வருவோம். கான்கிரீட் சுவர், ஓடு பதித்த தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சன்னல். ஒலியை உறிஞ்ச அங்கே சோபாவைத் தவிர வேறொன்றும் இல்லை. ஹாலின் நீளம் 5 மீட்டர் என்றால், ஒலியின் வேகமான வினாடிக்கு 343 மீட்டரை அந்த நீளத்தின் இருமடங்கால் வகுக்க, சுமார் 34 ஹெர்ட்ஸ் வரும். 4 மீட்டர் அகலத்துக்கு 43, 2.6 மீட்டர் உயரத்துக்கு 66. இந்த அதிர்வெண்களில் ஒலி இரு சுவர்களுக்கிடையே முட்டி நின்று வீங்கும். சுவரை ஒட்டி அது மிகும், நடு அறையில் மெலியும். நம் சோபாவோ பெரும்பாலும் பின்சுவரோடு ஒட்டித்தான் கிடக்கிறது. மிருதங்கத்தைக் கேட்டால் இது உடனே புரியும். இடந்தலையின் ‘தொம்’ எழுந்து அடங்கிய பிறகே வலந்தலையின் அடுத்த சொல் தெளிவாக விழ வேண்டும். வீங்கும் அறையில் அந்தத் ‘தொம்’ அடங்குவதில்லை. அடுத்த சொல்லின் மேல் போர்வைபோல் விழுந்து மூடிவிடுகிறது. கேட்பவர் சப்வூஃபர் போதவில்லை என்று நினைத்து அதைவிடப் பெரியது வாங்குகிறார். போர்வை இன்னும் கனமாகிறது.

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். தாழ்ந்த சுருதிகள் ஏறி இறங்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, முழங்காலிட்டுச் சுவரோரமாக மெல்ல நகருங்கள். ஓரிடத்தில் எல்லாம் ஒரே முழக்கமாகக் கேட்கும். இரண்டடி தள்ளினால் ஒவ்வொரு சுருதியும் தனித்தனியாகப் பிரியும். பிரியும் அந்த இடமே சப்வூஃபருக்கு உரிய இடம். அடுத்து சோபாவைச் சுவரிலிருந்து அரை மீட்டர் முன்னே இழுங்கள். படத்தில் வசனம் புரியவில்லையென்றால், டிவி அலமாரிக்குள் புதைந்திருக்கும் சென்டர் ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புவரை இழுத்துக் காதை நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள். கடைசியாகத் தரையில் தடித்த கம்பளம், சன்னலில் கனமான திரை. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியபின் அதே பாட்டை, அதே சத்த அளவில் கேட்க வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போகும்.

“புது ஆம்ப் வாங்கியதும் வித்தியாசம் என் காதுக்கே தெரிந்ததே” என்று சிலர் மறுப்பார்கள். தெரிந்திருக்கும், ஆனால் காதோடு கண்ணும் சேர்ந்தே கேட்கிறது. 1994-ல் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும், கண்ணெதிரே வைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பார்த்துக் கேட்டவர்களின் மதிப்பெண் ஸ்பீக்கரின் தோற்றத்தையும் பெயரையும் பின்தொடர்ந்தது. திரைக்குப் பின்னால் கேட்டபோது, ஸ்பீக்கரை இடம் மாற்றினால் ஒலி மாறுவதை அவர்கள் தெளிவாகக் கண்டுகொண்டார்கள். கண்ணால் பார்த்தபோது அதே மாற்றம் அவ்வளவாக உறைக்கவில்லை. ரிசீவரோடு வரும் மைக் அறையைத் தானே திருத்திவிடாதா என்று கேட்பவர்களும் உண்டு. வீங்கும் சுருதியை அது தட்டி வைக்கும்; அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு சக்தி கொடுத்தாலும் அதுவும் சேர்ந்தே அழியும். அங்கே இடத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மூன்றாவது மறுப்பை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: தரமற்ற ஸ்பீக்கரை எந்தக் கம்பளமும் நல்லதாக்காது. அறை சீரானபிறகும் குரல் இயல்பாக ஒலிக்கவில்லையென்றால் ஸ்பீக்கரைத் தயங்காமல் மாற்றுங்கள். அப்போது எதற்காக மாற்றுகிறோம் என்பது தெரிந்தே மாற்றுவீர்கள்.

இதில் அண்டை வீட்டாரின் பங்கும் இருக்கிறது. இரவு 10.30 முதல் காலை 7 வரை அமைதி காக்க வேண்டும் என்பது வீவக குடியிருப்பாளர்களுக்கு நெடுங்காலமாக இருந்துவந்த அறிவுரை. 2022-ல் அமைந்த சமூக ஆலோசனைக் குழு அதை 10 முதல் 8 வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. தாழ்ந்த ஒலி கான்கிரீட் வழியே கீழ்வீட்டின் கூரைக்கும் பக்கத்து வீட்டின் சுவருக்கும் எளிதில் போய்ச் சேரும். வீக்கம் அடங்கிய அறையில் குறைந்த சத்தத்திலேயே வசனம் புரியும், தாளம் பிரியும். நமக்கு நிறைவு, அவர்களுக்குத் தூக்கம். ஆகவே இந்த வார இறுதியில் கடைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் வீட்டிலேயே இருங்கள். சோபாவை நகர்த்துங்கள், சப்வூஃபரை இடம் மாற்றுங்கள், பழகிய ஒரு பாட்டை மறுபடி கேளுங்கள். அதற்குப் பிறகும் குறை இருந்தால், அதைக் கடைக்காரரிடம் உங்களால் பெயர் சொல்லிக் கேட்க முடியும்.