பள்ளி பிராஜெக்ட்டுக்கு ப்ரொபோசல் தயாரிப்போம்: கொடைக்கானல் சூரியனை எண்ணலாம், வாங்க!

"பிள்ளைகள் படிப்புக்கு உதவும்" என்று சொல்லித்தான் நம்மில் பலர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறோம். வாங்கிய பிறகு அதில் சினிமா ஓடுகிறது, கேம் ஓடுகிறது. பள்ளியில் பிராஜெக்ட் கேட்டால் இணையத்தில் தேடி, காப்பி செய்து, பேஸ்ட் செய்து, கலர் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். உண்மையான ஓர் ஆய்வுக்குத் திட்டமிட்டு, அதை ஆசிரியர் முன் எப்படி வைப்பது என்று இந்த மாதம் பார்ப்போம்.

வத்தலகுண்டில் இருக்கும் என் அக்கா மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிச் சுற்றுலாவில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் போய் வந்தவள், அன்று இரவே போன் செய்தாள்.

"மாமா, நாங்க நாலு பேர் சேர்ந்து பிராஜெக்ட் பண்றோம். ரெண்டு பக்கம் ப்ரொபோசல் எழுதிட்டு, பத்து நிமிஷம் பேசணுமாம். அது சரியா இருந்தாத்தான் மிஸ் ஓகே சொல்வாங்க. மூணு மாசத்துல முடிக்கணும்."

"தலைப்பு?"

"சூரியப் புள்ளிகளும் கொடைக்கானல் மழையும்!"

சிரிக்கத் தோன்றியது. ஆனால் இன்ஜினியரிங் கடைசி வருடத்தில் நான் செய்தது நினைவுக்கு வந்தது. "நகரப் போக்குவரத்து நெரிசலைத் தீர்த்தல்" என்று இருபது ஸ்லைடுடன் முதல் ரிவ்யூவுக்குப் போனேன். "எந்த சிக்னல்? எந்த நேரம்? வண்டிகளை யார் எண்ணப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். மூன்றாவது ஸ்லைடைத் தாண்டவில்லை. புதுத் தலைப்பு பிடிக்க ஒரு மாதம் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. அவள் கேட்டது சாதாரணக் கேள்வி அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பருவமழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, சூரியனைக் கவனித்தால் மழையைப் புரிந்துகொள்ளலாம் என்று நினைத்தார்கள். 1899-இல் கொடைக்கானலில் ஆய்வகம் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். மழைக் கேள்வியோ பல தலைமுறை விஞ்ஞானிகளுக்கு வேலை கொடுத்த கேள்வி. மூன்று மாதத்தில், நாலு பேரால் முடியுமா?

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

மழையை விட்டோம். புள்ளிகள் சூரியனில் எந்த அட்சரேகையில் தோன்றுகின்றன என்று பார்க்கலாமா என்றாள். நல்ல கேள்விதான். ஆனால் பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனின் அச்சு வருடம் முழுக்க இருபுறமும் சுமார் 26 டிகிரி வரை சாய்ந்து தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் அதைத் திருத்த வேண்டும். அதையும் விட்டோம். மிஞ்சியது இதுதான்: 1954 முதல் 1964 வரை, மாதம் ஒரு படம் எடுத்து, அதில் எத்தனை புள்ளிக் கூட்டங்கள் என்று எண்ணுவது. சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய 11 வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். அவற்றில் 1957-58 வாக்கில் உச்சம் தொட்ட இந்தச் சுழற்சி, பதிவானவற்றிலேயே மிகப் பெரியது.

படங்களுக்கு எங்கே போவது? கொடைக்கானலில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களை ஸ்கேன் செய்து, ஆய்வகத்தை நடத்தும் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கிறது.

எழுதும் முன் ஒரு படம்

ப்ரொபோசலை டைப் செய்ய உட்கார்ந்தவளைத் தடுத்தேன். முதலில் ஒரே ஒரு படத்தை இறக்கி, எண்ணிப் பார்க்கச் சொன்னேன். இந்த ஒரு வேலையில்தான் பாதித் திட்டம் வெளியே வரும்.

வானியல் படங்கள் பெரும்பாலும் ஃபிட்ஸ் என்ற வகைக் கோப்புகள். டபுள் க்ளிக் செய்தால் விண்டோஸ் திறக்காது. டிஎஸ்9 என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ள வேண்டும். அடுத்து அளவு. 4096 x 4096 புள்ளிகள், புள்ளிக்கு 16 பிட் என்றால், சுருக்காத கோப்பு 32 எம்.பி. வரும். 11 வருடத்துக்கு 132 படங்கள், 4 ஜி.பி.க்கு மேல். ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. தரும் மொபைல் டேட்டாவில் மூன்று நாள் ஆகும். அவள் கடிகாரம் வைத்துப் பார்த்ததில் ஒரு படத்தைத் திறந்து, எண்ணி, எக்செலில் பதிய 10 நிமிடம். ஆக 22 மணி நேரம், ஆளுக்கு ஐந்தரை மணி. இப்போது தைரியமாக எழுதலாம் அல்லவா?

கொடைக்கானலில் மேகம் மூடினால் அன்று படம் கிடையாது. அதனால் "ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி, இல்லையென்றால் அதற்கு மிக அருகிலுள்ள நாள்" என்று விதியை முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். நல்ல படமாகப் பார்த்துப் பொறுக்கும் ஆசை வராமல் இருக்கவும் இது உதவும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரு கூட்டமா, இரண்டா என்ற சந்தேகமும் வரும். எனவே 12 படங்களை இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுவது என்று சேர்த்தார்கள். கடைசியில், பெல்ஜியத்தின் பிரஸல்ஸ் நகர ஆய்வகம் வெளியிடும் சூரியப் புள்ளிக் கணக்கோடு தங்கள் வரைபடத்தின் ஏற்ற இறக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது.

(பிள்ளைகள் ஆர்வத்தில் இன்றைய சூரியனையும் பார்க்க நினைப்பார்கள். வெறும் கண்ணாலோ, பைனாகுலராலோ பார்க்கவே கூடாது. பார்வை போய்விடும்.)

ஐந்து ஸ்லைடு போதும்

பத்து நிமிடத்துக்கு ஐந்து ஸ்லைடு தாராளம்: கேள்வி, படம், எண்ணும் முறை, காலக் கணக்கு, தடங்கல் வந்தால் என்ன செய்வோம். பவர்பாயிண்ட் இல்லாதவர்கள் இலவசமான லிபர் ஆபீஸ் இம்ப்ரெஸ் பயன்படுத்தலாம். எழுத்துகள் பறந்து வருவது, சுழல்வது எல்லாம் வேண்டாம். தமிழை யூனிகோடிலேயே டைப் செய்யுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத பள்ளிக் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். பி.டி.எஃப். ஆகவும் சேமித்து, பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று என வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடைப் பார்த்து வாசிக்காமல் இரண்டு தடவை வீட்டில் பேசிப் பழகட்டும். என் அக்கா சமையலறையில் இருந்தபடியே கேட்டு, "கூட்டம்னா என்னடி?" என்று கேட்ட இடத்தில் ஒரு வரி சேர்ந்தது.

அன்றைக்கு மிஸ் கேட்டது யாரும் எதிர்பார்க்காத கேள்வி. "புள்ளிகள் 11 வருஷத்துல கூடிக் குறையும்னு எல்லாருக்கும் தெரியுமே? நீங்க புதுசா என்ன பார்க்கப் போறீங்க?"

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு என் மருமகள் சொன்னாளாம்: "மாசத்துக்கு ஒரே ஒரு படம் பார்த்தாலே அது தெரியுமான்னு பார்க்கப் போறோம், மிஸ்."

அந்த வரி ப்ரொபோசலில் இல்லை. முதல் வரியாக அதை எழுதிக் கொண்டுவரச் சொல்லி அனுமதி கொடுத்தார். முதலில் 1957-ஐ மட்டும் முடித்துக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

நேற்று மறுபடி போன் வந்தது. 1957-இன் ஒரு படத்தில் இவள் 9 கூட்டம் எண்ணியிருக்கிறாள். இவள் தோழி 12 என்கிறாளாம். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. படத்தை எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள், இன்னும் எண்ணவில்லை.