கப்பலின் வயதும் பயணியின் கணக்கும்

பணி ஓய்வின்போது கிடைத்த தொகையில் ஒரு பகுதியை எடுத்து, மனைவியுடன் ஒருமுறை சொகுசுக் கப்பலில் போய்வரலாமா என்று கேட்கும் நண்பர்கள் அண்மைக் காலத்தில் பெருகிவிட்டனர். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' கப்பல் புறப்பட்டபோது, கடற்பயணம் வெளிநாட்டுச் செல்வந்தர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் சற்றே தளர்ந்தது. விருப்பம் எழுந்தவுடன் அடுத்த கேள்வியும் எழுகிறது. பழைய, சிறிய கப்பலில் போவதா? வெளிநாடு சென்று புதிய, பெரிய கப்பலில் ஏறுவதா?

இரு எல்லைகளை எடுத்துக்கொள்வோம். எம்பிரஸ் 1990-இல் பிரான்ஸில் கட்டப்பட்டது. 48,563 மொத்த டன் அளவுடையது. அறைக்கு இருவர் எனக் கொண்டால் சுமார் 1,600 பயணிகளுக்கு இடம் உண்டு. 2024 ஜனவரியில் சேவைக்கு வந்த 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 365 மீட்டர் நீளமும் 2,48,663 மொத்த டன் அளவும் கொண்டது; அறைக்கு இருவர் எனில் 5,610 பேர் பயணிக்கலாம்.

மொத்த டன் என்பது கப்பலின் எடை அன்று. அதன் உட்புறக் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடப்படும் எண். அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒருவருக்குக் கிடைக்கும் இடத்தை ஒருவாறு ஒப்பிடலாம். எம்பிரஸில் அது ஏறத்தாழ 30, ஐகானில் 44. பெரிய கப்பல் என்றால் நெரிசல் என்ற பொதுவான கருத்தை இக்கணக்கு மறுக்கிறது. ஆனால், விடுமுறைக் காலத்தில் குழந்தைகளுடன் குடும்பங்கள் ஏறி, உச்ச அளவான 7,600 பேரும் நிறைந்துவிட்டால் அந்த 44 என்பது 33 ஆகிவிடும். எனவே, எந்தக் கப்பல் என்பதோடு எந்த மாதம் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கட்டணத்துக்கு வருவோம். பெரிய கப்பலின் பலம், பொருளியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கும் பேரளவுச் சிக்கனம். எரிபொருள், மாலுமிகள், பராமரிப்பு ஆகிய செலவுகள் பல்லாயிரம் பேரிடையே பகிரப்படுகின்றன. ஆனால், அத்தனை அறைகளையும் வாரந்தோறும் நிரப்பியாக வேண்டும். அதற்காக நுழைவுக் கட்டணத்தைக் குறைத்து வைத்து, மது, சிறப்பு உணவகம், இணைய இணைப்பு, கரைச்சுற்றுலா என உள்ளே வருவாய் ஈட்டுகின்றனர். உலகின் மிகப் பெரிய சொகுசுக் கப்பல் குழுமமான கார்னிவலின் வருவாயில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பயணச்சீட்டுக்கு வெளியேதான் வருகிறது.

பழைய கப்பலின் மலிவுக்குக் காரணம் வேறு. அதன் முதலீட்டுச் செலவு பெரும்பாலும் தேய்மானமாகக் கழிக்கப்பட்டுவிட்டது. இன்றைய உரிமையாளர் அதைக் குறைந்த விலைக்கு வாங்கியிருப்பார். அதே வேளையில் பழுதுபார்ப்புச் செலவு ஆண்டுதோறும் ஏறும். அச்செலவை ஒத்திப்போடும் தூண்டுதல் எந்த நிறுவனத்துக்கும் உண்டு. ஆகவே, மலிவாகக் கிடைக்கும் சீட்டு எதனால் மலிவு என்று கேட்பது பயணியின் கடமை.

சிறிய கப்பலுக்கென்று மறுக்க முடியாத நன்மை ஒன்று உண்டு. பெரியவற்றால் நுழைய இயலாத துறைமுகங்களுக்கு அதனால் செல்ல முடியும். எம்பிரஸ் 2023-இல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்குச் சென்றது. 365 மீட்டர் நீளக் கப்பலின் பயணத்திட்டத்தில் காங்கேசன்துறை இடம்பெற வாய்ப்பே இல்லை. 25,000 மொத்த டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸ் நகரின் கியுதெக்கா கால்வாய்க்குள் வர 2021 முதல் தடை உள்ளது. பெரிய கப்பலில் கப்பலே ஊர். சிறிய கப்பலில் ஊருக்குப் போகும் வழியே கப்பல்.

அதற்குரிய விலையும் உண்டு. அலை மிகுந்த நாள்களில் சிறிய கப்பலின் ஆட்டம் கூடுதலாகத் தெரியும். தொண்ணூறுகளின் கப்பல்களில் மாடம் உள்ள அறைகள் குறைவு. குளியலறை குறுகலாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இவை சிறிய செய்திகள் அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலானது பாதுகாப்பு. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையின்படி, தீப்பற்றக்கூடிய பொருள்களால் அமைந்த கட்டுமானங்கள் கொண்ட பழைய கப்பல்கள் 2010 அக்டோபர் முதல் இயங்க முடியாமற் போயின. இன்னொரு விதி அவ்வளவாக அறியப்படாதது. 2010 ஜூலைக்குப் பின் கட்டத் தொடங்கப்பட்ட பெரிய பயணிகள் கப்பல்கள், ஓரிடத்தில் தீப்பிடித்தாலும் தம் ஆற்றலாலேயே துறைமுகம் திரும்பும்படி வடிவமைக்கப்பட வேண்டும். முன்னரே கட்டப்பட்டவற்றை இவ்விதி கட்டுப்படுத்தாது. 1999-இல் சேவைக்கு வந்த 'கார்னிவல் டிரயம்ப்', 2013-இல் மெக்சிகோ வளைகுடாவில் இயந்திர அறைத் தீயால் செயலிழந்தது. ஏறத்தாழ 4,200 பேர் கழிவறைகள்கூடச் சரியாக இயங்காத நிலையில் நாள்கணக்கில் தவித்தனர்.

அதற்காகப் புதியதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. 2017-இல் கட்டப்பட்ட 'வைக்கிங் ஸ்கை', இரண்டே ஆண்டுகளில், புயற்காற்றுக்கிடையே நார்வே கரைக்கு அருகில் இயந்திரங்கள் நின்றுபோய்த் தத்தளித்தது. போதிய உயவு எண்ணெய் இல்லாததே காரணம். சுமார் 480 பேரை ஹெலிகாப்டர்கள் மீட்டன. 2012-இல் 32 உயிர்களைப் பலிகொண்ட 'கோஸ்டா கான்கார்டியா' விபத்தின்போது அக்கப்பலுக்கு வயது ஆறு. வடிவமைப்பு தரும் பாதுகாப்பை மனிதரின் கவனக்குறைவு கெடுத்துவிடும்.

ஆகவே, முன்பணம் செலுத்துமுன் சில கேள்விகளுக்கு எழுத்துவடிவில் பதில் பெறுவது நல்லது. கப்பல் எந்த ஆண்டு கட்டப்பட்டது? கடைசியாக எப்போது உலர்துறையில் ஏற்றிப் பழுதுபார்க்கப்பட்டது? வரி, பணிக்கொடை, கரைச்சுற்றுலா அனைத்தும் சேர்த்து ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்? துறைமுகத்தில் எத்தனை மணி நேரம் நிற்கும்? பயணம் ரத்தானால் பணம் எத்தனை நாள்களில் திரும்பும்? இந்தக் கடைசிக் கேள்வியை எளிதாக எண்ண வேண்டா. 1990-இல் கட்டப்பட்டு, 2019-இல் மும்பையிலிருந்து இயங்கத் தொடங்கிய 'கர்ணிகா' கப்பல், பெருந்தொற்றில் அதன் நிறுவனம் முடங்கியதால் மறு ஆண்டே குஜராத்தின் அலங்கில் உடைப்புக்குப் போனது.

பேரக்குழந்தைகளுடன் செல்பவர்களுக்குப் புதிய, பெரிய கப்பலே பொருத்தம். அவர்கள் செலுத்தும் பணம் கப்பலுக்கானது. கடலையும் கரையையும் காண விரும்பும் மூத்த தம்பதியருக்குச் சிறிய கப்பல் போதும். அது பழையதாகவும் இருக்கலாம், மேற்கண்ட கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைக்குமானால். பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தின் கப்பலைக் கரையிலிருந்து பார்த்து மகிழ்வதே நல்லது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).