மாணவர் திட்டப்பணிக்கு விக்கி: புணே அனுபவம் திருப்பதி, சித்தூர் வகுப்பறைகளுக்குச் சொல்வது என்ன?

ஆந்திரப் பிரதேசத்தில் 2022 ஏப்ரல் 4 அன்று புதிய மாவட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. காளஹஸ்தி திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. காணிப்பாக்கம் சித்தூரிலேயே நீடித்தது. நெல்லூருக்கு உட்பட்டிருந்த ஸ்ரீஹரிகோட்டாவும் திருப்பதியின் எல்லைக்குள் வந்தது. இத்தகைய மாற்றம் அச்சுப் பாடநூலில் இடம்பெற அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். விக்கிப் பக்கத்தில் அன்றே திருத்தலாம். அந்தத் திருத்தத்தை மாணவர்களின் திட்டப்பணியாக மாற்ற முடியுமா என்பதே கேள்வி.

படிப்பவரே திருத்தவும் கூடிய இணையப் பக்கங்களின் தொகுப்பே விக்கி. அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்காம் 1995 மார்ச் மாதம் முதல் விக்கியை வெளியிட்டார். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு 'விரைவு' என்று பொருள். விக்கிப்பீடியா 2001-இலும், அதன் தமிழ், தெலுங்குப் பதிப்புகள் 2003-இலும் தொடங்கின.

ஆசிரியர்களுக்கு இதில் உள்ள பெரும் பயன் 'வரலாறு' என்னும் பகுதி. ஐவர் குழுவில் ஒருவர் மட்டுமே உழைக்க, ஐவரும் ஒரே மதிப்பெண் பெறும் வழக்கம் எல்லாக் கல்லூரிகளும் அறிந்ததே. விக்கியில் எந்த வரியை யார், எந்த நாளில், எத்தனை மணிக்குச் சேர்த்தார் என்பது தானாகப் பதிவாகிறது. கருத்து வேறுபாடுகள் 'உரையாடல்' பக்கத்தில் நிற்கின்றன. ஒப்படைப்பதற்கு முந்தைய இரவில் ஒட்டிச் சேர்த்த கட்டுரையும் அங்கே மறையாது.

இந்த ஒட்டிச் சேர்க்கும் பழக்கம்தான் இந்தியாவின் முதல் பெரிய முயற்சியை வீழ்த்தியது. விக்கிமீடியா அறக்கட்டளை 2011-இல் புணே கல்லூரிகளில் ஒரு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. புணே பொறியியல் கல்லூரி உள்ளிட்ட நிறுவனங்களின் மாணவர்கள் பாடத்தின் ஒரு பகுதியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதினர். பலர் பாடநூல்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் பத்திகளை அப்படியே எடுத்து இட்டனர். பதிப்புரிமை மீறல்களைத் தேடி நீக்கும் சுமை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் மீது விழுந்தது. எச்சரிக்கைக்குப் பிறகும் நகலெடுப்பு நிற்காததால், அதே ஆண்டு இறுதிக்குள் திட்டம் நிறுத்தப்பட்டது.

குறை மாணவர்களிடம் மட்டும் இருந்ததாகக் கூறுவது நியாயமாகாது. வழிகாட்ட அமர்த்தப்பட்டவர்களில் பலர் விக்கிக்குப் புதியவர்கள். மாணவர் எண்ணிக்கையோ கண்காணிக்க இயலாத அளவு பெரிது. விடைத்தாளில் பாடநூலின் சொற்களையே எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் என்று பழகிய மாணவருக்கு, அதே செயல் இங்கே விதிமீறல் என்பதை எவரேனும் முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டும்.

பின்னர் வந்த முயற்சிகள் இந்திய மொழிகளை நோக்கித் திரும்பின. பெங்களூரு கிறிஸ்து பல்கலைக்கழகத்தில் தமிழ் உள்ளிட்ட மொழிப்பாட மாணவர்களும், விஜயவாடா ஆந்திரா லயோலா கல்லூரியில் தெலுங்கு மாணவர்களும் விக்கிப் பணிகளில் ஈடுபட்டனர். தாய்மொழியில் எழுதும்போது சொந்த நடையில் சொல்வது ஓரளவு எளிது. ஆயினும் நகலெடுக்கும் ஆபத்து அங்கும் உண்டு.

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதிக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1930-களில் கல்வெட்டுத் தொகுதிகளை வெளியிட்டது. அக்கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தமிழ் அறிந்த மாணவர் கல்வெட்டைப் படிக்க, தெலுங்கு அறிந்த மாணவர் அதை ஒட்டித் தெலுங்குக் கட்டுரையைத் திருத்தலாம். தலபுராணம் கூறுவது எது, கல்வெட்டு காட்டுவது எது என்று பிரித்து எழுதுவதே அவர்களுக்கு நல்ல பயிற்சி. இரண்டையும் ஒரே மூச்சில் வரலாறாக எழுதிவிடுவதே கோயில் கட்டுரைகளில் அடிக்கடி காணும் பிழை.

தொடக்கத்திலேயே பொதுத்தளத்தில் எழுத வேண்டியதில்லை. மீடியாவிக்கி என்னும் இலவச மென்பொருளைக் கல்லூரிக் கணினியில் நிறுவி வகுப்புக்கு மட்டும் ஒரு விக்கி வைக்கலாம். அல்லது விக்கிப்பீடியாவின் 'மணல்தொட்டி'யில் வரைவை எழுதிப் பார்க்கலாம். ஆனால் மணல்தொட்டியும் பிறர் காணக்கூடிய இடமே என்பதால் பதிப்புரிமை விதி அங்கும் பொருந்தும். பள்ளி மாணவர்கள் உண்மைப் பெயர், பள்ளியின் பெயர் ஆகியவற்றைத் தவிர்த்துப் புனைபெயரில் கணக்குத் தொடங்குவது பாதுகாப்பானது.

மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்றும் உண்டு. விக்கிப்பீடியா உரையைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்படி எவரும் மொழிபெயர்க்கலாம். ஆனால் தெலுங்குக் கட்டுரையிலிருந்து தமிழாக்கம் செய்தால், தொகுப்புச் சுருக்கத்தில் மூலக் கட்டுரையின் இணைப்பைத் தர வேண்டும்.